எகனாமிக் ஹிஸ்டரி படிக்கிறதுன்னா என்னத்த படிக்கிறது?

எகனாமிக் ஹிஸ்டரி படிக்கிறேன்னு யார்கிட்ட சொன்னாலும் ரெண்டு கேள்வில ஒண்ணு வரும். "எகனாமிக்ஸா, அப்ப எந்த ஷேர்ல போடலாம் சொல்லு"ன்னு ஒரு குரூப். "ஹிஸ்டரியா, வருஷம் எல்லாம் மனப்பாடம் பண்ணணுமே, கஷ்டம்ல"ன்னு இன்னொரு குரூப். அவங்க மேல தப்பு இல்ல, சப்ஜெக்ட் பேரே அப்படி. ரெண்டு பெரிய வீட்டுக்கு நடுவுல இருக்கிற சந்து மாதிரி இது, ரெண்டு வீட்டுக்காரங்களும் "அது உங்க பக்கம்ங்க"ன்னு மாத்தி மாத்தி கை காட்டுவாங்க.

ஒரே வரில சொல்லணும்னா, முன்னாடி வாழ்ந்தவங்க எப்படி சம்பாதிச்சாங்க, என்ன கூலி வாங்கினாங்க, யார்கிட்ட கடன்பட்டாங்க, ஒரு நாடு ஏன் பணக்கார நாடாச்சு பக்கத்து நாடு ஏன் ஆகல, இதையெல்லாம் அந்தக் காலத்து பேப்பரையும் இந்தக் காலத்து எகனாமிக்ஸ் கருவியையும் வச்சு கண்டுபிடிக்கிற படிப்பு. இந்த ஒரு வரியை நம்பி அப்ளிகேஷன் போட்டுறாதீங்க. அதுல "கண்டுபிடிக்கிற"ங்கற ஒரு வார்த்தைக்குள்ள தான் மொத்த வேலையும் ஒளிஞ்சிருக்கு. படிக்கிற வருஷம் பூரா நீங்க திரும்பத் திரும்ப கேட்கப்போறது ஒரே கேள்வி தான்: இந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு?

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன குழப்பத்தை தீர்த்துடறேன், நிறைய பேர் இதுல ஏமாந்து தப்பான பேப்பரை எடுத்துடறாங்க. ஆடம் ஸ்மித் என்ன சொன்னார், மார்க்ஸ் என்ன சொன்னார், கெய்ன்ஸ் என்ன சொன்னார்னு படிக்கிறது பொருளாதாரச் சிந்தனையோட வரலாறு, அது வேற பேப்பர். எகனாமிக் ஹிஸ்டரில அவங்க என்ன யோசிச்சாங்கங்கறது ஓரமா வரும், அவங்க வாழ்ந்த காலத்துல கூலி எவ்வளவு, தானியம் என்ன விலை, மில்லுல யார் வேலை பார்த்தாங்கங்கறது தான் மெயின் படம்.

சரி, ஒரு உதாரணத்தை எடுத்து கொஞ்சம் கிட்டத்துல பார்ப்போம், இது எல்லா யூனிவர்சிட்டிலயும் ஏதோ ஒரு வாரத்துல வந்தே தீரும். 1347ல இருந்து 1351க்குள்ள பிளேக் ஐரோப்பா முழுக்க பரவி, மூணுல ஒரு பங்குல இருந்து பாதி ஜனம் வரைக்கும் செத்துப்போச்சு. இப்ப கேள்வி: உயிரோட மிஞ்சின ஏழைங்களோட வாழ்க்கை அதுக்கப்புறம் நல்லாச்சா மோசமாச்சா?

எகனாமிக்ஸ் படிச்ச புள்ள உடனே கை தூக்கும். ஆள் குறைஞ்சா கூலி ஏறும், சப்ளை டிமாண்ட், முடிஞ்சது. டேட்டாவும் அதையே தான் சொல்ற மாதிரி இருக்கும். ஃபெல்ப்ஸ் பிரவுன், ஷீலா ஹாப்கின்ஸ்னு ரெண்டு பேர் 1950கள்ல உக்காந்து தெற்கு இங்கிலாந்து கட்டட வேலைக்காரங்களோட நாள் கூலியை 1264ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் தொகுத்தாங்க, கிட்டத்தட்ட எழுநூறு வருஷம். அதுல ஒரு கைத்தொழில் தெரிஞ்ச கொத்தனார் மாதிரி ஆளுக்கு பிளேக்குக்கு முன்னாடி 1340கள்ல நாளைக்கு 3 பென்ஸ் (பென்ஸ்னா இங்கிலாந்து சில்லறைக் காசு). 1360 வாக்குல 5 பென்ஸ். 1412 வாக்குல 6 பென்ஸ், அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல அந்த 6 பென்ஸ் அசையவே இல்ல. எடுபிடி வேலைக்காரருக்கு ஒன்றரை பென்ஸ்ல இருந்து 3, அப்புறம் 4. ஆக கூலி டபுள், ஏழை ஜெயிச்சான், கதை முடிஞ்சதுன்னு எழுதினா பேப்பர் சிவப்பு மையோட திரும்பி வரும்.

ஏன்னா 5 பென்ஸ் வாங்கினான் சரி, அந்த 5 பென்ஸ்க்கு என்ன கிடைச்சுது? பிளேக்குக்கு அப்புறம் தானிய விலை உடனே விழல, 1370கள் நடுப்பகுதி வரைக்கும் ஏறித்தான் கிடந்துச்சு, அதனால கைல காசு கூடினாலும் வயித்துக்குப் போனது முதல் இருபது இருபத்தஞ்சு வருஷத்துக்கு பெருசா கூடல, விலை இறங்கினப்புறம் தான் நிஜமான ஏத்தம் தெரியுது. இதை தான் ரியல் வேஜ்னு சொல்றாங்க. ஒரு குடும்பம் வருஷத்துக்கு வாங்குற தானியம், பருப்பு, துணி, விறகு எல்லாத்தையும் ஒரு கூடைல போட்டு, கூலில எத்தனை கூடை வாங்கலாம்னு வகுத்துப் பார்க்கிறது. கேக்க சுலபமா இருக்கு இல்ல? அந்தக் கூடைல என்ன போடணும்ங்கறதுக்கே தனியா சண்டை ஓடிட்டிருக்கு.

அடுத்து, நாள் கூலி தெரியும், வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை கிடைச்சுதுன்னு தெரியுமா? தெரியாது. பெரும்பாலும் 250 நாள்னு ஒரு அனுமானம் வச்சு பெருக்குறாங்க. ஜேன் ஹம்ஃப்ரீஸ், ஜேக்கப் வைஸ்டார்ஃப் ரெண்டு பேரும் இதை விட்டுட்டு, வருஷ ஒப்பந்தத்துல வேலைக்கு இருந்தவங்களோட சம்பளத்தை தேடி எடுத்து 2019ல போட்டாங்க, அதுல பிளேக்குக்கு அப்புறமான ஏத்தம் நாள் கூலி காட்டின அளவுக்கு இல்லவே இல்ல. ஒரே நாடு, ஒரே காலம், வேற கணக்குப் புத்தகம், வேற கதை.

இன்னும் இருக்கு. கூலி ஏறுதுன்னு பயந்து இங்கிலாந்து அரசு 1349ல ஒரு ஆணை, 1351ல ஒரு சட்டம் போட்டுச்சு, பிளேக்குக்கு முன்னாடி என்ன கூலியோ அதுக்கு மேல வாங்கவும் கூடாது கொடுக்கவும் கூடாதுன்னு. இந்த இடம் எனக்கு ரொம்ப பிடிக்கும். ஒரு சட்டம் ஒரு விஷயத்தை தடுக்குதுன்னா அந்த விஷயம் ஊர் பூரா நடந்துட்டிருக்குன்னு தானே அர்த்தம், அதனால சட்டமே கூலி ஏறினதுக்கு சாட்சி. அதே சட்டம் நம்ம டேட்டாவை கெடுக்கவும் செய்யுது, சட்டத்துக்கு பயந்து கணக்குல பழைய கூலியை எழுதிட்டு மிச்சத்தை சாப்பாடாவும் துணியாவும் கொடுத்திருந்தா நமக்கு அது தெரியாது. போதாததுக்கு இந்தக் கணக்கெல்லாம் சர்ச், காலேஜ், பெரிய பண்ணை மாதிரி கணக்குப்பிள்ளை வச்சிருந்த இடத்தோடது, அதுல இருக்கிறதும் பெரும்பாலும் ஆம்பளைங்க தான்.

இது எல்லாத்தையும் தாண்டி வந்தா கடைசில ஒரு பெரிய கல் கிடக்கும். மேற்கு ஐரோப்பால ஆள் பற்றாக்குறை வந்து பண்ணையடிமை முறை தளர்ந்துச்சு. கிழக்கு ஐரோப்பால ஆள் பற்றாக்குறை இருந்தும் 15ம், 16ம் நூற்றாண்டுல பண்ணையடிமை முறை இறுகுச்சு. சப்ளை டிமாண்ட் மட்டும் தான் காரணம்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தானே நடந்திருக்கணும்? 1976ல ராபர்ட் பிரென்னர் இதை வச்சு தான் பெரிய விவாதத்தை கிளப்பினார், நிலத்துக்காரன் கை ஓங்கியிருக்கா குடியானவன் கை ஓங்கியிருக்காங்கறது தான் முடிவு பண்ணுதுன்னு. ஆள் குறைஞ்சா விவசாயிக்கு பேரம் பேசுற பலம் வரலாம், இல்ல அவன் ஓடிப்போகாம இருக்க காலை கட்டிப்போடவும் செய்யலாம், ரெண்டுமே லாஜிக் தான். முதல்ல கை தூக்கின புள்ள இந்த இடத்துல கையை இறக்கிடும், நானும் இறக்கினேன்.

பார்த்தீங்களா, இதுல மனப்பாடம் பண்ண வேண்டிய வருஷம் நாலோ அஞ்சோ தான். மிச்சம் பூரா நோண்டுறது.

இன்னொரு விதமான நோண்டல், டேட்டால யார் இல்லைன்னு தேடுறது. கிளாடியா கோல்டின் 2023ல நோபல் வாங்கினாங்களே, அவங்க செஞ்ச வேலைல ஒரு பகுதி இது தான். அமெரிக்க பழைய சென்சஸ்ல கல்யாணமான பொண்ணுங்களுக்கு தொழில்ங்கற கட்டத்துல "மனைவி"ன்னு எழுதி விட்டுட்டாங்க. அவங்க பண்ணைல வேலை செஞ்சிருப்பாங்க, வீட்லயே துணி தைச்சு வித்திருப்பாங்க, குடும்பக் கடைல உக்காந்திருப்பாங்க, எதுவும் கணக்குல இல்ல. கோல்டின் வேற ஆவணங்களை வச்சு திருத்திப் பார்த்தா 1890கள் கடைசில கல்யாணமான பொண்ணுங்க வேலை பார்த்த விகிதம் சென்சஸ் சொன்னதைவிட கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதுவரைக்கும் "பொருளாதாரம் வளர வளர பொண்ணுங்க வேலைக்கு வர்றது கூடிட்டே போகும்"னு நேர்கோடா நினைச்சிட்டிருந்தாங்க. திருத்தின டேட்டால அது கோடே இல்ல, முதல்ல இறங்கி அப்புறம் ஏறுற யூ வடிவம், விவசாயத்துல இருந்து ஃபேக்டரிக்கு மாறினப்ப விழுந்து, 20ம் நூற்றாண்டுல சர்வீஸ் துறை வளர்ந்தப்புறம் ஏறுது. ஒரு கட்டத்துல எழுதின ஒரு வார்த்தையால நூறு வருஷத்து வரலாறு தலைகீழா தெரிஞ்சிருக்கு.

உயரத்தை வச்சும் ஆராய்ச்சி பண்றாங்க. சம்பளக் கணக்கு இல்லாத இடத்துல கூட பட்டாளத்துல சேர்ந்தவங்களோட உயரம் எழுதி வச்சிருப்பாங்க, சின்ன வயசுல சரியா சாப்பிட்டிருந்தா உயரம் கூடும், அப்ப உயரம் ஒரு மாதிரி சாப்பாட்டு ரெக்கார்டு. புத்திசாலித்தனம் தான். ஆனா ஊர்ல நல்ல வேலை கிடைக்கிற காலத்துல வாட்டசாட்டமான ஆள் எதுக்கு பட்டாளத்துக்குப் போறான்? அவன் வேலைக்குப் போயிடுவான், குள்ளமானவங்க தான் வரிசைல நிப்பாங்க, நாம "அந்த காலத்துல ஜனம் குள்ளமாயிடுச்சு"ன்னு எழுதி வச்சிடுவோம். இந்தப் பொறி எல்லா ஆவணத்துலயும் உண்டு. செத்தவங்க வீட்ல இருந்த பொருளை பட்டியல் போட்ட ரெக்கார்டுல கட்டில், பானை, கடிகாரம் வரைக்கும் இருக்கும், படிக்க அவ்வளவு சுவாரஸ்யமா இருக்கும், ஆனா பட்டியல் போடுற அளவுக்கு சொத்து இருந்தவங்க வீடு மட்டும் தான் அது.

என் சொந்தக் கதை ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. முதல் தடவை ஒரு பழைய விலைப் பட்டியலை டைப் பண்ணி கிராஃப் போட்டப்ப கோதுமை விலை ஒரே வருஷத்துல எட்டு மடங்கு எகிறுச்சு. ஆஹா பஞ்சம்னு ரெண்டு பக்கம் உருகி உருகி எழுதிட்டேன். அப்புறம் பார்த்தா கணக்கெழுதினவர் அந்த வருஷத்துல புஷெல்ல இருந்து குவார்ட்டருக்கு மாறியிருக்கார், ரெண்டுமே தானியம் அளக்கிற பழைய அளவு. ஒரு குவார்ட்டர்னா எட்டு புஷெல்.

எகனாமிக்ஸ் கருவி எங்க உதவுதுங்கறதுக்கு வர்றேன். ஹிஸ்டரி பக்கம் இருந்து வர்றவங்களுக்கு முதல்ல ஷாக் கொடுக்கிறது கவுன்டர்ஃபேக்சுவல்ங்கற விஷயம், அதாவது "அது நடக்காம இருந்திருந்தா?"ன்னு கணக்கு போடுறது. ரயில் தான் அமெரிக்காவை வளர்த்துச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டிருந்தப்ப ராபர்ட் ஃபோகல் 1964ல கேட்டார், சரி, 1890ல ரயிலே இல்லைன்னா என்னாகியிருக்கும்? வாய்க்கால்ல படகு, ஆறு, மாட்டு வண்டி குதிரை வண்டின்னு அதே சரக்கை கொண்டுபோக எவ்வளவு கூடுதலா செலவாகியிருக்கும்? விவசாய சரக்குக்கு கணக்கு போட்டுப் பார்த்தா தேசிய உற்பத்தில 3 சதவீதத்துக்கும் கீழ. ரயில் முக்கியம் தான், ஆனா அது இல்லைன்னா அமெரிக்காவே இல்லைங்கற அளவுக்கு இல்லன்னு சொல்லிட்டார். பலருக்கு கோபம், நடக்காததை கணக்கு போடுறது வரலாறா கட்டுக்கதையான்னு. ஆனா யோசிச்சுப் பாருங்க, "ரயில் தான் வளர்த்துச்சு"ன்னு சொல்றவரும் மனசுக்குள்ள ரயில் இல்லாத ஒரு அமெரிக்காவை வச்சு தானே ஒப்பிடுறார், அவர் வெளில சொல்லல, ஃபோகல் பேப்பர்ல எழுதிட்டார், அவ்வளவு தான்.

2016ல டேவ் டொனால்ட்சன், ரிச்சர்ட் ஹார்ன்பெக் இதே கேள்வியை புது முறைல போட்டாங்க. ரயிலை எடுத்துட்டா விவசாய நிலத்தோட மொத்த மதிப்பு 60 சதவீதம் விழுந்திருக்கும்னு வந்துச்சு. அய்யோ 60ஆன்னு தோணுதா? அதே இழப்பை வருஷக் கணக்கா மாத்தி தேசிய உற்பத்தியோட ஒப்பிட்டா 3 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. ரெண்டும் ஒரே இழப்பு, வகுக்கிற எண் தான் வேற. நியூஸ் பேப்பர்ல தலைப்பு போடுறவங்க எதை எடுப்பாங்கன்னு சொல்லவே வேணாம்.

டொனால்ட்சனோட இன்னொரு வேலையும் சொல்லாம இருக்க முடியல, ஐடியாவுக்காகவே. பிரிட்டிஷ் இந்தியால ரயில் வந்தப்புறம் சரக்கு கொண்டுபோற செலவு எவ்வளவு குறைஞ்சுதுன்னு தெரியணும், ஆனா அந்தச் செலவை நேரடியா யாரும் எழுதி வைக்கல. அவர் உப்பை பிடிச்சார். ஒவ்வொரு வகை உப்பும் குறிப்பிட்ட சில இடத்துல தான் எடுப்பாங்க, வித்தது ஊரெல்லாம். அப்ப எடுக்கிற இடத்துல இருக்கிற விலைக்கும் தூரத்து ஊர்ல இருக்கிற விலைக்கும் உள்ள வித்தியாசம் தான் கொண்டுபோற செலவு. ரயில் வந்தப்புறம் அந்த வித்தியாசம் சுருங்குதான்னு பார்த்தா போதும். இல்லாத டேட்டாவை இருக்கிற டேட்டால இருந்து கறக்கிறது இது தான். ஃபார்முலா எல்லாம் அதுக்கப்புறம் தான் வருது.

நம்பர் எல்லாத்தையும் சொல்லிடாதுங்கறதுக்கும் உதாரணம் உண்டு, அதுவும் ஃபோகல் தான். 1974ல ஸ்டான்லி எங்கர்மனோட சேர்ந்து அமெரிக்க அடிமை முறையை நம்பர்ல அலசினார். அடிமைப் பண்ணைங்க லாபமா, திறமையா நடந்துச்சுங்கற வாதத்தை வச்சாங்க, பெரிய புயல் அடிச்சுது. லாபமா நடந்துச்சுங்கற பகுதி பெரும்பாலும் நின்னுச்சு, அடிமை முறை தானா செத்திருக்காதுங்கறதுக்கு அது ஒரு முக்கியமான ஆதாரமும் கூட. ஆனா அடிமைங்களோட வாழ்க்கை நிலை, சாட்டையடி பத்தி அவங்க போட்ட கணக்குங்க கடுமையா அடி வாங்குச்சு. ஒரு வருஷத்துக்கு சராசரி எத்தனை அடின்னு எடுக்கிற ஆவரேஜ், பக்கத்துல ஒருத்தர் அடி வாங்குறதை நின்னு பார்க்கிறவங்க பயத்தை எப்படி அளக்கும்?

இந்தத் துறையோட சொந்த வரலாறு சீக்கிரமா சொல்லிடறேன். 1892ல ஹார்வர்ட்ல வில்லியம் ஆஷ்லிக்கு எகனாமிக் ஹிஸ்டரிக்குன்னே ஒரு பேராசிரியர் பதவி கொடுத்தாங்க, இங்கிலீஷ் பேசுற உலகத்துல அது தான் முதல். 1929ல ஃபிரான்ஸ்ல மார்க் பிளாக், லூசியன் ஃபெவ்ர் ரெண்டு பேரும் அன்னாலேன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு, ராஜா கதையை விட்டுட்டு நிலம், பயிர், விலை, சாமானிய வாழ்க்கைன்னு திருப்பினாங்க. 1960கள்ல அமெரிக்கால கிளியோமெட்ரிக்ஸ்னு எகனாமிக்ஸ் மாடலும் ஸ்டாட்ஸுமா ஒரு அலை. அந்த அலைல வந்த ஃபோகலுக்கும் டக்ளஸ் நார்த்துக்கும் 1993ல நோபல். 2025ல ஜோயல் மோக்கிருக்கும் கிடைச்சுது.

இதை எதுக்கு சொல்றேன்னா நீங்க எங்க போய் படிக்கிறீங்கங்கறது இதை வச்சு தான் மாறும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல, ஸ்வீடன்ல லுண்ட், உப்சாலால எல்லாம் எகனாமிக் ஹிஸ்டரிக்குன்னு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு. அமெரிக்கால பெரும்பாலும் எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட் உள்ள ஒரு பிரிவு, அங்க போனா கால்குலஸ், எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதார டேட்டாவை ஸ்டாட்ஸ் வச்சு அலசுறது) இல்லாம முதல் வாரமே மூச்சு முட்டும். ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல இருந்தா நிறைய படிக்கணும், நிறைய எழுதணும், பழைய கையெழுத்து படிக்கப் பழகணும், சில சமயம் ஒரு பழைய மொழியும். சேர்றதுக்கு முன்னாடி கோர்ஸ் பேரை மட்டும் பார்க்காம, ரீடிங் லிஸ்ட்டை பாருங்க. அதுல ரெக்ரெஷன் டேபிள் (எது மாறினா எது எவ்வளவு மாறுதுன்னு ஸ்டாட்ஸ்ல போட்ட அட்டவணை) நிறைய இருக்கா பத்திங்க நிறைய இருக்கான்னு பார்த்தாலே எந்த வீட்டுப் பக்கம்னு தெரிஞ்சிடும்.

கணக்கு வராதேன்னு பயப்படுறவங்களுக்கு: இளங்கலை அளவுல ஆவரேஜ், இன்டெக்ஸ் நம்பர் (ஒரு வருஷத்தை 100ன்னு வச்சு மத்த வருஷத்தை ஒப்பிடுற எண்), ஒரு ரெக்ரெஷன் டேபிளை படிச்சு புரிஞ்சுக்கிற அளவு, இவ்வளவு இருந்தா நிறைய இடத்துல சமாளிக்கலாம். பிஎச்டி வேற விஷயம். கணக்கை விட நிறைய பேர் விழுறது கட்டுரைல தான். "இவர் இப்படி சொன்னார், அவர் அப்படி சொன்னார், ரெண்டுமே சரி"ன்னு முடிச்சா மார்க் வராது. யாரோட ஆதாரம் எதால பலம், எங்க பலவீனம்னு நீங்க நிலைப்பாடு எடுக்கணும்.

கடைசி வருஷத்துல டிசர்டேஷன், அதாவது நீங்களே பண்ற நீளமான ஆராய்ச்சிக் கட்டுரை வரும். அதுல எல்லாரும் பண்ற தப்பு "தொழிற்புரட்சி ஏன் பிரிட்டன்ல நடந்துச்சு"ன்னு தலைப்பு எடுக்கிறது. கூலி அதிகம், நிலக்கரி மலிவு, அதனால மெஷின் லாபம்னு ராபர்ட் ஆலன் ஒரு பக்கம், அறிவும் கலாச்சாரமும் தான்னு மோக்கிர் இன்னொரு பக்கம்னு ஜாம்பவான்களே இன்னும் மோதிட்டிருக்காங்க, நமக்கு கிடைக்கிற பத்தாயிரம் வார்த்தைல அதை தீர்க்கப்போறது இல்ல. தலைகீழா போங்க. முதல்ல ஒரு ஆவணத்தை கண்டுபிடிங்க, ஒரு கம்பெனி லெட்ஜரோ, துறைமுக ரிஜிஸ்டரோ, பத்து வருஷத்து விலைப் பட்டியலோ, அதுக்கு எந்தக் கேள்விக்கு பதில் சொல்ல முடியும்னு அப்புறம் யோசிங்க.

வேலை? சென்ட்ரல் பேங்க், கவர்ன்மென்ட் பாலிசி, ஜர்னலிசம், டேட்டா வேலை, டீச்சிங்னு போறாங்க. பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, டிகிரி பேரை வச்சு யாரும் கூப்பிட மாட்டாங்க. ஆனா 2008ல அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் தலைவரா இருந்த பென் பெர்னான்கி 1930கள் பொருளாதார மந்தத்துல பேங்க் விழுந்தது எப்படி மந்தத்தை இழுத்துச்சுன்னு 1983லயே ஆராய்ச்சி பண்ணவர், அதுக்கு தான் 2022ல நோபல்ல பங்கு கிடைச்சுது. 2008ல லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய அமெரிக்க முதலீட்டு பேங்க் விழுந்த வாரத்துல அந்த நாற்காலில பழைய பேப்பரை நோண்டின ஒருத்தர் உக்காந்திருந்தார்.

உங்களுக்கு இது ஒத்து வருமான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. உலக வருமானம் ரெண்டாயிரம் வருஷமா தட்டையா கிடந்து 1800க்கு அப்புறம் செங்குத்தா ஏறுற அந்த ஃபேமஸ் கிராஃபை எங்கயாவது பார்த்திருப்பீங்க. அதோட பழைய நம்பர்ங்க பெரும்பாலும் ஆங்கஸ் மேடிசன் மதிப்பிட்டதுல இருந்து வர்றது. அதுல ரொம்ப பழைய காலத்துக்கு பல பகுதிகளுக்கு, உயிர் பிழைக்க குறைஞ்சபட்சம் வேண்டியது 1990 டாலர் மதிப்புல சுமார் 400ன்னு ஒரு அடித்தளம் வச்சு, அதையொட்டி தான் மதிப்பு போட்டிருக்கார், ஏன்னா வேற எதுவும் இல்ல. அந்த கிராஃபை திரும்ப எடுத்து, கோடு தட்டையா இருக்கிற பகுதில நிஜமான புள்ளி எத்தனை, ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஸ்கேல் வச்சு இழுத்தது எவ்வளவுன்னு எண்ணிப் பாருங்க. எண்ணிட்டு "சரி ஏமாத்து வேலை"ன்னு மூடி வச்சீங்கன்னா வேற சப்ஜெக்ட் பாருங்க. "அப்ப நடுவுல ஒரு புள்ளி வைக்கிறதுக்கு எந்த ஆவணத்தை தேடலாம்"னு தோணுச்சுன்னா ரீடிங் லிஸ்ட்டை டவுன்லோட் பண்ணுங்க.